ஆட்டுக்குச் சொன்ன ஏச்சு

ஏச்சை ரசிக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. கோதாரி, கொள்ளை, கட்டை என்று நேரே இறங்கி அடிக்கிறவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஒன்று. நான் மற்றக் கட்சி. சாடையாய்ப் பேசுகிறவர்களுக்குத்தான் என் கைதட்டு. நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஆச்சியின் வாயைக் கேட்டு வளர்ந்தவன் வேறு கட்சிக்குப் போக வழியில்லை.

ஒரு சிறுபோகம். குளத்துத் தண்ணீர் குறைவு. பக்கத்து வயல்காரர் இரவோடு இரவாக வாய்க்காலை மறித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டார். விடியக் கதியால் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மண்வெட்டியோடு நிற்கிறார். இந்தப் பக்கம் ஆச்சி, தன் கறுத்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு தொடங்கினா. "நில்லடி. ராவிலை குடிச்சால் குளத்துக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? குடி மோளே, வடிவாய்க் குடி. ஊர் முழுக்கக் காயட்டும், உன்ரை வயிறு நிறைஞ்சால் காணும்." மனுசன் பொறுக்காமல், "என்னணை ஆச்சி, ஆட்டையோ பேசுறாய்?" என்றார். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேறை ஆரைத் தம்பி? ஆடுதானே வாய்க்காலை மறிச்சது."

பின்னேரம் தண்ணீர் பழையபடி ஓடியது.

அந்தக் 'தம்பி'யைக் கவனியுங்கள். குரல் ஏறவில்லை, ஒரு தூசணம் இல்லை, மரியாதையில் குறை சொல்ல இடமில்லை. கோபித்தால் ஆடு தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆச்சி கோழியைப் பார்த்து ஏசுவது அருமை. கோழி பாதியில் ஓடிவிடும், ஆடு கடைசிவரை நின்று கேட்கும். இதையெல்லாம் அவ யோசித்துச் செய்தாவோ, பழக்கத்தில் வந்ததோ, எனக்கு அது கலைதான்.

எதிர்க்கட்சியார் பள்ளுப் பிரபந்தங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளும், மாவை சின்னக்குட்டிப் புலவரின் தண்டிகைக் கனகராயன் பள்ளும் நம் பக்கத்துச் சொத்து. அந்த மரபில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்வதைக் கேட்டால் வாய் பிளக்கத்தான் வேண்டும். முக்கூடற் பள்ளில் சிவனும் திருமாலுமே தப்பவில்லை. ஆனாலும் ஔவை தொண்டைமானின் ஆயுதசாலைக்குள் போய், நெய் பூசி மாலை சூட்டிய வேல்களைப் புகழ்ந்துவிட்டு, அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளே, அதற்கு எந்தப் பள்ளி ஈடு? தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பிரித்தார். ஆச்சிக்குத் தொல்காப்பியம் தெரியாது. இரண்டாவதில் அவ பண்டிதை.

கச்சேரியில் கிளாக்கராயிருந்து பென்சன் எடுத்த நண்பர் ஒருவருக்கு இது ஒன்றும் பிடிக்காது. அவருக்கு ஏச்சென்றால் இங்கிலீசுதான். 'நொன்சென்ஸ்', 'யூஸ்லெஸ் ஃபெலோ', 'கெட் அவுட்'. அதில் தாயை இழுப்பதில்லை, சாதியை இழுப்பதில்லை என்பார். இதில் அவர் பக்கம் நியாயம் உண்டு. சாதிப் பெயராலும், புருசன் செத்தவள் என்றும் ஏசுகிற சொற்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. அவை தொலைந்தால் எனக்கு ஒரு துளி கவலை இல்லை. ஆனால் அவர் சொல்லும் 'நொன்சென்ஸ்' எப்போதும் பெரிய கதிரையிலிருந்து சின்னக் கதிரைக்குத்தான் இறங்கியது. பியோன் ஒருவர் ஐயாவைப் பார்த்து அதைச் சொன்னதாக நண்பரே கேள்விப்பட்டதில்லை. ஆட்டை வைத்து அரசாங்க அதிபரையும் ஏசலாம்.

கந்தோர்த் தண்டனை இதைவிட மோசம். முதலில் எக்ஸ்பிளனேஷன், பிறகு சார்ஜ் சீட். தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியில் கண்டித்தல், கடுமையாகக் கண்டித்தல் என்று படிப்படியாகப் போகும். கடுமை எங்கே? கடிதத்தில் சத்தமுமில்லை, முகமுமில்லை. அடுத்த வருசம் சம்பள ஏற்றம் நிற்கும்போதுதான் ஏச்சு விழுந்ததே தெரியும்.

பள்ளிக்கூடக் கதையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னது. நல்ல காரியம். ஓங்கும்போது கடுமையும் விழும்போது மென்மையும் வேண்டுமென்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்னது வாத்திமாருக்கும் பொருந்தும். பிரம்பு போன இடத்துக்கு நாக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 'வோர்னிங்'. எனக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார் என் கொப்பியை விரித்து, "தம்பி, எழுதேக்கை ஆரும் உன்னைத் தள்ளினவையோ?" என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். எழுத்து மட்டும் திருந்தும்.

இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. சாடைக்குக் கதியால் வேலி வேண்டும், ஆள் மறையவும் வேண்டும், சொல் போகவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பி ஏசுகிறார்கள். அதில் பெயரும் வந்து விழுந்துவிடுகிறது, கேட்டவர் இன்னும் நாலு பேருக்கு அனுப்புகிறார், இரண்டு வீடு பேச்சுப் பறைச்சலை விடுகிறது.

உங்கள் வீட்டில் சாடை பேசத் தெரிந்த ஆச்சி ஒருத்தி மிச்சம் இருந்தால் இப்போதே பதிந்து வையுங்கள். போனை மட்டும் அவவுக்கு முன்னால் நீட்டாதீர்கள், அடுத்த ஆடு நீங்கள்தான்.