கூழின் ருசி

ருசி என்பது நாவின் குணம் என்றும், நாவோ அவரவர் ஸ்வாதீனத்தில் உள்ள உறுப்பு என்றும் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரே கம்பங்கூழ், சித்திரை வெயிலில் தள்ளுவண்டியருகே நின்று சொம்பில் வாங்கிக் குடிக்கும் கட்டடத் தொழிலாளிக்குப் பசியாற்றும் பொருளாகவும், குளிரூட்டிய உணவு விடுதியில் சிறு மண்கலயத்தில் பெற்றுக்கொள்ளும் கனவானுக்குப் பாரம்பரியத்தின் பிரசாதமாகவும் இரு வேறு வடிவம் கொள்வதைப் பார்க்கையில், நாவுக்குப் பின்னால் வேறொன்று நின்று பேசுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

பியர் பூர்தியு என்னும் பிரெஞ்சு சமூகவியலறிஞர், 1960களில் தம் நாட்டவரிடம் அவர்கள் விரும்பும் சங்கீதம், சித்திரம், உணவு ஆகியவற்றைப் பற்றி விசாரித்து, 1979இல் வெளியிட்ட நூலில், ரசனை என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் வர்க்கத்தின் முத்திரையே என்று வாதித்தார்: உடலுழைப்பால் பிழைப்பவன் வயிற்றை நிறைக்கும் கனத்த ஆகாரத்தை விரும்பக் கற்றுக்கொள்கிறான், வயிற்றுக் கவலை நீங்கியவனோ பண்டத்தின் நேர்த்தியையும் பரிமாறும் விதத்தையும் ரசிக்கத் தொடங்குகிறான். தானியத்தின் விஷயத்தில் இதை அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கன்னட நாட்டுக் கனகதாசர் கண்டுகொண்டார் எனலாம். அவருடைய 'ராமதான்ய சரித்திர'த்தில், நெல் தன் உயர்குல சம்பந்தத்தைச் சொல்லிக் கேழ்வரகை இழிவாகப் பேச, ஏழையைத் திரும்பிப் பாராத உனக்கு என்ன பெருமை என்று கேழ்வரகு திருப்பிக் கேட்க, வழக்கு இராமனிடம் போகிறது. அவன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறான். நெல் கெட்டுப்போகக் கேழ்வரகு கெடாமல் வெளிவருகிறது. தானியங்களின் சண்டை மனிதர்களின் சண்டைதான் என்பதை அக்காலத்து வாசகனுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டு மானாவாரிச் சீமைகளில் நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோகும் விருந்தாளியாக இருந்தது. மற்ற நாட்களில் கம்பும் கேழ்வரகும் சோளமுமே. அவற்றின் சுவையைப் புகழ்ந்து இன்று எழுதுவோர், அவற்றைச் சமைத்த கைகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கம்பை நீர் தெளித்து உரலிலிட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடியும் குத்தி, இடித்த மாவையும் குருணையையும் உலைநீரில் கொட்டித் துடுப்பால் விடாமல் கிளறி இறக்குவதற்குள், பகலெல்லாம் காட்டில் களையெடுத்துவிட்டு வந்த பெண்ணின் தோள்கள் சலித்துவிடும். புடைக்கும்போது பறக்கும் சுணை கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டி அரிக்கும். அப்படிப்பட்டவள் ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை, அது அரை மணியில் வெந்து மல்லிகைப்பூப் போல் மலர்வதைக் கண்டு ஆசைப்பட்டாள் என்றால், அந்த ஆசையை அறியாமை என்று சொல்வது நியாயமா? 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அவ்வளவு வலிமையோடு ஒலித்ததும், 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இல் இலவசமாகவும் அரிசி வழங்கப்பட்டபோது ஜனங்கள் அதை வரவேற்றதும், பசியின் காரணமாக மட்டும் அன்று. பெரிய வீட்டு இலையில் விழுந்த சோறு தம் தட்டிலும் விழுந்த கௌரவம் அதில் கலந்திருந்தது.

ஏழை அந்தச் சோற்றை அடைந்த தலைமுறையிலேயே, செல்வன் அதை விட்டு எழுந்துவிட்டான்! நீரிழிவுக்கு அஞ்சியும், இயற்கை வாழ்வில் பிரீதி கொண்டும், அவன் வரகையும் சாமையையும் குதிரைவாலியையும் தேடிப் போகிறான். இந்த வழக்கத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் குறைந்த நீரில் விளைபவை இவை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வாங்குவோர் பெருகினால் கைவிடப்பட்ட புஞ்சையில் மீண்டும் ஏர் பூட்டலாம். பழிப்புக்குரியதாய் இருந்த பண்டம் மேசைக்கு வந்ததனால், அதைத் தின்று வளர்ந்ததற்காக வெட்கப்பட்ட முதியோர் சிலர் அதைப் பற்றி உரக்கப் பேசவும் தொடங்கியிருக்கிறார்கள். இது அற்ப லாபம் அன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பொன்னி அரிசியைக் காட்டிலும் கூடுதலான விலையில் வரகு விற்கும் கடையில், அந்த விலையே பண்டத்துக்கு ஒரு மகத்துவத்தைக் கொடுத்துவிடுகிறது. வெண்மைக்காகத் தவிடு போகத் தீட்டிய சாமையைச் சத்துணவென்று வாங்கிச் செல்வோரும் உண்டு. அரிசியைக் கெடுத்த அதே வித்தை சாமைக்கும் வந்து சேர்ந்தது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. புல்வேளூரில் வரகரிசிச் சோறும் வழுதுணங்காயும் மோரும் பெற்ற ஔவை அந்த உணவுக்கு உலகமே ஈடு என்று பாடியதாக மரபு சொல்லும். அவள் மெச்சியது பசியறிந்து இட்டவனுடைய மனத்தை. நம் புதிய ரசிகர்களோ பண்டத்தை மெச்சி, அதை உண்டு வளர்ந்தவனை நோக்கி, நீ ஏன் வெள்ளைச் சோற்றைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டாய் என்று உபதேசம் செய்கிறார்கள். மறுக்கும் வசதி உள்ளவனுக்குக் கூழ் ஒரு ருசி. மறுக்க முடியாதவனுக்கு அது விதி.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. களி தருமபுரிக்குப் புதிதன்று. அவர்களுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பையில் குதிரைவாலி வாங்கி வரும் வாசகர், வழியில் அரிசிக்காக வரிசையில் நிற்பவரைக் கண்டால், தயைகூர்ந்து அவருக்கு ஆரோக்கியம் போதிக்காதிருக்க வேண்டுகிறேன்.