வெண்பாக்கத்து ஊன்றுகோல்

சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்து மீளப்பெற்ற வரலாற்றை நம் பாடசாலைகளிற் கற்பிக்கும் முறை ஒன்றுண்டு. சபதந் தவறினார், கண் போயிற்று, பதிகம் பாடினார், கண் வந்தது. இவ்வளவில் முடிந்துவிடும் கதையினின்றும் மாணவன் பெறுவது, பாடினாற் கிடைக்கும் என்னும் வாணிகக் கணக்கு ஒன்றே. பாடியுங் கிடையாதவன் யாது செய்வான் என்ற வினாவுக்கு அக்கணக்கில் விடையில்லை. ஏழாந் திருமுறையில் இவ்வரலாற்றோடு தொடர்புடைய பதிகங்களோ பெரிதும் அவ்வினாவிலேயே நிற்கின்றன என்பது எம் கருத்து.

வரலாற்றை நிரல்பட உரைப்பவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார். ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் அதனை அமைத்தார். திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணக்க விரும்பிய நம்பிகள், பிரியேன் என்று சூளுரைக்க வேண்டியிருந்தது. இறைவன் சந்நிதியிற் சூளுரைத்தாற் பின்னர்த் தப்ப வழியின்றாம் என்றஞ்சி, அவ்வேளையில் மகிழமரத்தடியில் எழுந்தருளுமாறு இறைவனையே வேண்டிக்கொண்டார். இறைவனோ அச்சூழ்ச்சியைச் சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். சூளுரை மகிழின்கீழ் நிகழ்ந்தது. திருவாரூர் வசந்த விழாவை நினைந்து நம்பிகள் ஒற்றியூரின் எல்லையைக் கடந்த அளவிற் கண்ணொளி மறைந்தது.

ஏமாற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்லுவது இங்கு இருமடியாயிற்று. கண் போனமை ஒன்று; தோழர் என்று நம்பியிருந்தவர் எதிர்ப்பக்கம் சார்ந்தமை மற்றொன்று. பின்னதே நம்பிகளை மிகுதியும் வருத்தியது என்று பதிகங்களைத் தொடர்ந்து படிப்போருக்குப் புலனாகும். சேக்கிழார் கற்பனையாற் புனைந்த நிகழ்ச்சி இஃது என்று தள்ளுதற்கும் இடமில்லை. சங்கிலியின் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டமையை முல்லைவாயிற் பதிகத்தில் நம்பிகள் தாமே பெயர்சுட்டிக் கூறுகின்றார்.

கண்ணிழந்தவர் ஒற்றியூருக்கு மீளவில்லை. ஓரிடத்தில் அமர்ந்துவிடவும் இல்லை. முல்லைவாயிலைத் தொழுது வெண்பாக்கத்தை அடைந்தார். இவ்விடத்துப் பாடிய பதிகமே இத்தொகுதிக்கு நடுநாயகம் என்போம். பொறுத்தருள்வார் என்ற துணிவிலேயே தாம் பிழைசெய்ததாக அதில் ஒப்புக்கொள்கின்றார். அவ்வாறு ஒப்புக்கொண்டும், கோயிலினுள்ளே நீர் இருக்கின்றீரோ என்று வினவுகின்றார். கண் காணாத ஒருவன் வாயிலில் நின்று கேட்கும் வினா இது, நாத்திகன் வினாவன்று, ஆயினும் நாத்திகன் வினாவும் இதே சொற்களாலேயே அமையும். விடை வந்தது: இருக்கின்றோம், நீர் செல்லலாம் என்று. அயலானுக்குக் கூறுவது போன்ற அவ்விடையோடு ஓர் ஊன்றுகோலும் வந்தது. கண் வரவில்லை.

இக்கோலைப் புராண உரைகாரரும் பிரசங்கிகளும் விரைந்து கடந்து செல்வர்; காஞ்சியை நோக்கி அவர்களுக்கு அத்துணை அவசரம். கோல் என்பது வேண்டிய பொருளன்று, அதற்கு ஈடுமன்று. அடுத்த அடியை வைப்பதற்கு மாத்திரம் போதுவது. அதனை வீசியெறிந்திருப்பின் நம்பிகளின் பயணம் வெண்பாக்கத்தோடு முடிந்திருக்கும். கண்ணுக்கு ஈடாக ஏற்று மனநிறைவு எய்தியிருப்பினும் அங்கேயே முடிந்திருக்கும். அவர் இரண்டுஞ் செய்திலர். கோலை ஊன்றிக்கொண்டு ஆலங்காடு வழியாக நடந்தார், குறையும் தீரவில்லை, வழக்கும் தீரவில்லை என்ற நிலையில். காஞ்சி ஏகம்பத்தில் ஒரு கண் பெற்றார். அது இடக்கண் என்பது சேக்கிழார் வாக்கு. (பழைய வெண்பாக்கத்துக் கோயிலும் 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்து, அணித்தே வேறிடத்தில் எழுந்தது.)

ஒரு கண் பெற்றவர் நன்றியால் அடங்கியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். திருவாரூர்ப் பதிகத்தில் அவர் குரல் உயர்கின்றது. தாமே விரும்பி அடிமையானவர் தாம், ஒற்றி வைத்த பொருளல்லர், குற்றமேதும் புரிந்திலர், கண்ணைக் கொண்டதனாற் பழி இறைவனையே சாரும் என்று வழக்குரைக்கின்றார். முட்டிக் குடிக்கும் கன்றுக்குப் பசு பால் சுரக்கின்றது. முட்டின்றிப் பாடும் அடியார் கண்ணின்றிக் குன்றில் மோதிக் குழியில் வீழ்ந்தால் நீர் இனிது வாழும் என்கின்றார்; நீர் இனிது வாழும் என்னும் பொருள்படவே ஒவ்வொரு பாட்டும் முடிகின்றது. வாழ்த்தின் வடிவில் வந்த வசை இது. வன்றொண்டர் என்ற பெயர் இவருக்கு வாளா அமைந்ததன்று.

வெண்பாக்கத்திற் பிழையை ஒப்புக்கொண்டவர் ஆரூரிற் குற்றமில்லை என்பது முரணன்றோ எனின், முரணே என்க. அதனை மழுப்புதல் திறனாய்வாகாது. ஒற்றியூரிற் காத்திருந்த சங்கிலியார் பக்கத்து நியாயம் ஆரூர்ப் பதிகத்தில் ஓரிடத்தும் ஒலிக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் துன்பம் நீளுந்தோறும் மனிதன் தன் குற்றத்தை மறந்து துன்பத்தையே நினைப்பது இயல்பு. அவ்வியல்பை நம்பிகள் மறைத்திலர். நம்பிக்கை என்பது வாய்மூடிப் பொறுத்தல் என்று நாம் மாணவர்க்குக் கூறிவருவதனை இப்பதிகம் மறுக்கின்றது. முறையிடுபவன் கேட்பார் ஒருவர் உளர் என்று நம்புகின்றான். அந்நம்பிக்கை அற்றவனுக்கு முறையீடே தோன்றாது.

திருக்கோணமலையில் இருந்துகொண்டு இப்பதிகங்களைப் படிப்போருக்கு மற்றொரு நினைவும் எழாமற் போகாது. திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு இட்டனர். இன்றுள்ள கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மூன்றாந் திருமுறையிலுள்ள கோணமாமலைப் பதிகம் கோயிலில்லாத மலையைப் பற்றிய பாட்டாயிருந்தது. பிரித்தானியர் காலத்தில் வெறும் பாறையின் விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை நிகழ்ந்தமையை ஐரோப்பியர் நூல்கள் குறிக்கின்றன. உள்ளே இருக்கின்றீரோ என்று கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் உள்ளும் இருந்ததில்லை. புதையுண்ட திருமேனிகள் 1950இற் கிணறு தோண்டுகையில் வெளிப்படும் என்பதை அறியாமலே அத்தலைமுறைகள் வந்து தொழுது சென்றன. பதிகமே அவர்கள் கையில் இருந்த கோல்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் வெண்பாக்கத்து வினாவை நெஞ்சிற் கேளாதார் சிலரே இருந்திருப்பர்.

இனி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாக்களில் ஆரூர்ப் பதிகத்தை மாணவர் பாடக் கேட்டிருக்கின்றோம். இன்குரலிற் குழைத்து, வாழ்த்துப் போலவே பாடுகின்றனர். பண் பிழையாமை பாராட்டத்தக்கதே. பாட்டின் ஈற்றில் வரும் சினம் யார் மேல், எதற்காக என்று ஒருமுறை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாடச் செய்து பாருங்கள்.