கையில் மறைந்த கனி

காரைக்காலில் வாழும் நமக்கு மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் கண்டு பழகிய காட்சி. ஆனித் திங்களில் பிச்சாடனர் ஊர்வலம் வருகையில் மாடிகளிலிருந்து கனிகளை வீசுவர். கீழே நிற்போர் ஏந்திப் பிடிப்பர். காரைக்கால் அம்மையாரின் கதையை ஓர் ஊரே நடித்துக் காட்டும் வீதி நாடகம் இது. எனினும் ஊரார் நினைவில் தங்குவது கனி கிடைத்த மகிழ்ச்சியே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரோ கனி மறைந்ததில்தான் கதையைத் திருப்புகிறார்.

கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றை அடியவருக்கு ஈந்துவிட்ட புனிதவதியார், இறையருளால் வேறொன்று பெற்றுக் கணவனுக்குப் படைக்கிறார். சுவை வேறுபடவே அவன் வினவுகிறான். உண்மை கேட்டும் நம்பாது, இன்னொன்று வருவிக்கச் சொல்கிறான். வந்த கனி அவன் கைக்கு மாறியதும் மறைந்துவிடுகிறது. கனி மாயமா, மனைவி மாயமா என்று தெளியாத அச்சம் அவனைப் பற்றுகிறது. எவரிடமும் கூறாமல் ஒரே வீட்டில் விலகி வாழ்ந்து, பின் வாணிபம் என்று கலமேறிப் பாண்டி நாட்டில் மறுமணம் புரிகிறான். பிறந்த மகளுக்கு இட்ட பெயரோ புனிதவதி! அஞ்சி ஓடியவன் தான் அஞ்சிய பெயரையே தினமும் அழைத்து வாழ்கிறான். சேக்கிழாரின் மனநூல் அறிவுக்கு இதுவொன்றே சான்று.

இமாம் குஷைரீ தம் ரிஸாலாவில், ஆசிரியர் அபூ அலீ அத்தக்காக்கின் கூற்றாக, அச்சத்தைக் கவ்ஃப், கஷ்யத், ஹைபத் என மூன்று படிகளாகக் காட்டுவார். மனைவியின் காலில் விழும்போதும் பரமதத்தன் முதற்படியைத் தாண்டவில்லை என்பதே நம் கருத்து.

ஆனால் அவன் அச்சத்துக்கு இத்துணை இடம் தந்த புலவர், அவள் காத்திருந்த காலத்தை விரைவாகவே கடந்துவிடுகிறார். சைகோனுக்குச் சபர் போனவர்களின் கடிதம் பார்த்திருந்த பெண்களை அறிந்த நம் இல்லங்களுக்கு இக்குறை எளிதில் புலப்படும். கணவனுக்கென்று தாங்கிய தசை இனி வேண்டாமென உதறிப் பேயுரு வேண்டும் இடத்தில்தான் அந்தக் காத்திருப்பின் கனம் வெளிப்படுகிறது.

சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அம்மையாரின் சொந்தப் பாடல்கள், அற்புதத் திருவந்தாதி உட்பட 143. அவற்றில் மாங்கனி இல்லை, கணவன் இல்லை, இழந்ததைப் பற்றிய புலம்பலும் இல்லை. சுடுகாட்டில் ஆடும் இறைவனைப் பாடிவிட்டு, தம்மைக் காரைக்கால் பேய் என்று குறிப்பிடுகிறார். விட்டுவந்த வாழ்விலிருந்து அவர் உடன் கொண்டுசென்றது இவ்வூரின் பெயர் மட்டுமே.