உறங்காத கொடி

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு காலை நடை போனால், அடுத்தடுத்த மூன்று தோட்டங்களில் மூன்று பருவங்களைப் பார்த்துவிடலாம். ஒரு பந்தலில் அப்போதுதான் கவாத்து முடிந்திருக்கும். ஓர் இலைகூட இல்லாமல் பழுப்புக் குச்சிகள் கம்பியோடு கம்பியாகக் கிடக்கும். வரப்பைத் தாண்டினால் கடுகளவு பிஞ்சு. அதற்கடுத்த பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் தலைக்கு மேலே கருநீலக் குலைகள்; கீழே கூடைகளோடு அறுப்பு நடக்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊர்களில் இப்படி அமைவது அரிது. உரும்பிராயிலோ கோப்பாயிலோ ஒரு பந்தல் மொட்டையாக நின்றால் பெரும்பாலும் பக்கத்துப் பந்தலும் மொட்டைதான். அங்கே எப்போது வெட்டுவது என்பதை மழைதான் சொல்கிறது.

பயிர் ஒன்றே. பெயர்தான் வேறு. தேனியில் திராட்சை, யாழ்ப்பாணத்தில் முந்திரிகை. தமிழ்நாட்டார் முந்திரி என்று சொல்லும் பருப்பை யாழ்ப்பாணத்தார் மரமுந்திரிகை என்பார்கள், அல்லது கஜு என்பார்கள். கொடியில் காய்ப்பதற்கே முந்திரிகை என்ற பெயரை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடிமுந்திரிகை என்ற பழைய சொல் அகராதியில் தூங்காமல் ஒரு சந்தையில் இன்னும் புழங்குவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

பெயர் நம்முடையதானாலும் கொடியின் இயல்பு நம் நாட்டுக்கு உரியதல்ல. திராட்சை குளிர்காலம் உள்ள நிலத்தில் வளர்ந்து பழகியது. அங்கே இலையுதிர்காலத்தில் இலை கொட்டும், கொடி மாதக்கணக்கில் உறங்கும், அந்தக் குளிரை வாங்கிய மொட்டுகள் வசந்தத்தில் ஒன்றாக விழிக்கும். பூ வருவதும் காய் பிடிப்பதும் அந்த விழிப்பைச் சார்ந்தவை. தேனியிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தக் குளிர் ஏது? இங்கே விட்டுவிட்டால் கொடி இலையை உதிர்ப்பதே இல்லை. நுனி மொட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கீழ்மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். பந்தல் பச்சையாக அடர்ந்து கண்ணுக்கு நன்றாயிருக்கும், குலை இருக்காது.

மலையில் இந்தச் சிக்கலுக்கு உயரம் ஓரளவு விடை சொல்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர், உதகை 2,240 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். அந்த உயரங்களின் குளிர் பேரிக்காய்க்குப் போதும். ஆகவேதான் கொடைக்கானல் பேரிக்காய்க்கும், நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் பெயார்ஸ் எனப்படும் அதே பழத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆப்பிளுக்கு வந்தால் நிலைமை மாறும். இமாச்சலத்தின் டெலிசியஸ் வகைக்கு ஏழு டிகிரிக்குக் கீழ் ஆயிரம் மணி நேரம் போலக் குளிர் வேண்டும். அதை நீலகிரியும் தராது, ஏழாம் அட்சரேகையில் இருக்கும் நுவரெலியாவும் தராது. குறைந்த குளிரில் காய்க்கும் வகைகளை வைத்துத்தான் இரு மலைகளிலும் பார்க்கிறார்கள். மலைக் கதை இவ்வளவுதான். குளிரே இல்லாத சமவெளியில் குளிர்நாட்டுப் பயிரை எப்படிக் காய்க்க வைத்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

விடை கத்தரியில் இருக்கிறது. இலையைத் தானாக உதிர்க்காத கொடிக்கு மனிதன் இலையுதிர்காலத்தைச் செய்து தருகிறான். சில நாள் தண்ணீரை நிறுத்தி, முற்றிப் பழுப்பேறிய கொம்புகளைக் கணு எண்ணி வெட்டி, இருக்கும் இலையையும் உருவிவிட்டால், கொடி ஓர் அதிர்ச்சியோடு புதிதாகத் தொடங்குகிறது. மீதமிருக்கும் மொட்டுகள் பத்துப் பதினைந்து நாளில் வெடிக்கின்றன. தளிரோடு பூங்கொத்தும் வருகிறது.

எத்தனை கணு விட்டு வெட்டுவது என்பதில்தான் கவாத்துக்காரரின் முழுத் திறமையும் இருக்கிறது. குலையின் கரு, அது வெளியே தெரிவதற்கு மாதங்கள் முன்னரே மொட்டுக்குள் உருவாகிவிடும். கொம்பின் எந்த மொட்டில் அது உருவாகும் என்பது வகைக்கு வகை மாறும். பன்னீர்த் திராட்சைக்கு நான்கைந்து கணு. அனாப்-இ-ஷாகி வகைக்கு இரண்டு கணுவே போதும். மெலிந்த கொம்பை ஒன்றிரண்டு கணுவோடு ஒட்ட வெட்டி, அடுத்த முறைக்கான கொம்பாக வளர்த்தெடுப்பார்கள். பென்சில் பருமன் இருக்கிறதா, பட்டை பழுத்திருக்கிறதா, போன பருவத்தில் வெயில் பட்டதா என்று ஒவ்வொரு கொம்பையும் ஒரு நொடி பார்த்து முடிவெடுக்கிறவர் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முடிவுகளை எடுக்கிறார். அதற்குக் கிடைப்பதோ நாட்கூலி. திராட்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரகத்தையும் மருந்தையும் எழுதுகிற அளவுக்கு இந்தக் கண்ணைப் பற்றி எழுதுவதில்லை.

இந்தியாவுக்குள்ளேயே இதில் இரண்டு வழிகள் உண்டு. மகாராட்டிரத்து நாசிக் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு வெட்டு, ஒரே அறுவடை. ஏப்ரல் வெட்டு கொம்பு வளர்க்க, அக்டோபர் வெட்டு காய்க்க. தமிழ்நாட்டு முறையில் இரண்டு வெட்டும் காய்ப்புக்கே. மார்கழி, தை ஒட்டி வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம்; வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் பழம். கம்பத்தில் இதையும் தாண்டி இரண்டாண்டில் ஐந்து அறுவடை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிலிருந்து அறுப்புக்கு நான்கு மாதம் என்று வைத்தால், ஓர் அறுப்புக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே கொடிக்குக் கிடைப்பது மூன்று வாரத்துக்குச் சற்று மேல்.

இத்தனை அறுவடை எடுக்க முடிவதற்குக் காரணம் தண்ணீர். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை திறந்த பிறகு மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக இறங்குகிறது. ஆறும், அது ஊற வைக்கும் கிணறுகளும் இருப்பதால் எந்த மாதத்தில் வெட்டினாலும் தளிருக்குத் தண்ணீர் உண்டு. பக்கத்தில் குமுளி வழியாகக் கேரளச் சந்தை. ஆகவே விவசாயி விலையைப் பார்த்து வெட்டும் நாளைக் குறிக்கிறார். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்லப்படும் இந்தப் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை இறங்கி நன்னீராகத் தேங்குகிறது; சுற்றிலும் கடல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதுதான் ஆண்டு முழுவதும் கிணற்றில் இருக்கும் முதல். கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும். பழைய நாளில் துலா மிதித்தும், பிறகு நீரிறைக்கும் எந்திரம் வைத்தும் இந்தக் கிணறுகளிலிருந்தே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தன. வேலியிலிருந்து வெட்டிய குழையை மண்ணில் தாழ்த்திப் பசளையாக்கும் பழக்கமுள்ள இந்தத் தோட்டக்காரர்களின் கையில்தான் இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை வகை வந்து வேர் பிடித்தது. மாரி மழையில் பூ வந்தால் கொட்டிவிடும். அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். பழுக்கும் நேரத்தில் மழை என்றால் பழம் வெடிக்கும். அதனால் மழை ஓய்ந்த தையிலும், பிறகு கோடையிலும் வெட்டி, பூவையும் பழத்தையும் வெயில் மாதங்களுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். மாரிக்காலத்தில் கொடி சும்மா இருக்கிறது.

இந்தச் சும்மா இருப்பைக் குறை என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பத்தில் எப்போதும் எங்கோ ஒரு பந்தல் பூவில் இருப்பதால் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் எப்போதும் ஒரு வீடு திறந்திருக்கிறது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையில் தொடங்கிய தெளிப்பு, இப்போது ஒரு பருவத்துக்குப் பல முறை, பல மருந்து என்று வளர்ந்திருக்கிறது. ஒரே நேரத்தில் வெட்டி ஒரே நேரத்தில் ஓய்கிற ஊரில் நோயின் சங்கிலி அறுபட வாய்ப்பிருக்கிறது. அதற்கு யாழ்ப்பாணத்தார் கொடுக்கும் விலையும் சிறிதல்ல: எல்லார் பழமும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரியும். திராட்சை பொறுத்திருக்கும் பழமும் அல்ல.

மொட்டுகளை ஒன்றாக எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை வெட்டியவுடன் தடவும் வழக்கம் இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் பரவியிருக்கிறது. குளிர் செய்யாத வேலையை அது செய்கிறது. ஆனால் அது தோலைப் புண்ணாக்கும். அதைக் கையாண்டவர் அந்த நாட்களில் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆபத்தில் முடியலாம். கையுறை இல்லாமல் துணியில் நனைத்துக் கணுக்கணுவாகத் தடவுகிற கூலியாளுக்கு இதை யார் சொல்வது? சொல்லியே ஆக வேண்டும். கையுறையும் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒப்பீட்டில் தண்ணீரையும் மழையையும் மட்டும் வைத்தால் பாதிதான் சொன்னதாகும். இந்தப் பயிருக்கு மனிதன் வீட்டில் இருந்தாக வேண்டும். பனையும் வேம்பும் ஆள் இல்லாமலும் நிற்கும். முந்திரிகைக்கு வெட்டும் நாள் தவறக்கூடாது, இறைக்கும் நாள் தவறக்கூடாது. போர் அந்த ஆளை வீட்டில் இருக்க விடவில்லை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 1990இலிருந்து மூடிக்கிடந்தது; எரிபொருளும் யூரியாவும் வடக்கே போகத் தடை இருந்தது. கொழும்புச் சந்தையும் போயிற்று, கிணற்றை இறைக்கும் எந்திரத்துக்கு எண்ணெயும் போயிற்று. 1995 அக்டோபர் கடைசியில் உரும்பிராயும் கோப்பாயும் அடங்கிய வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தது. மழை ஓய்ந்து கொடி கத்தரியை எதிர்பார்க்கும் தை மாதத்தில் அந்த ஊர்களில் கத்தரி பிடிக்க ஆள் இல்லை. திரும்பி வர முடிந்தவர்கள் மாதங்கள் கழித்துத்தான் வந்தார்கள்; இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் நிலம் போனவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2002இல் திறந்த வீதி 2006இல் மறுபடி மூடியது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை, 2022இல் எரிபொருளுக்கு வரிசை. கம்பத்து விவசாயி வெட்டும் நாளைக் குறிக்கும்போது விலையையும் மழையையும் எண்ணுகிறார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நாட்டையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தது.

தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் நிலையம் இருக்கிறது. எந்தக் கணுவில் வெட்டுவது, உவர் ஏறும் மண்ணில் எந்த வேர்க்கட்டையில் ஒட்டுவது, ஓய்வு கொடுத்த கொடி எத்தனை ஆண்டு காய்க்கும் என்ற கேள்விகளை இருவரும் ஒரே மொழியில் கேட்கிறார்கள். ஆனைமலையன்பட்டியார் யாழ்ப்பாணத்து மாரி ஓய்வை வந்து பார்க்கட்டும். திருநெல்வேலியார் கம்பத்துக் கவாத்துக்காரர் ஒருவரோடு ஒரு வாரம் பந்தலுக்கடியில் நிற்கட்டும்.

தை பிறந்து வெட்டு முடிகிற மாலையில் பந்தலுக்கடியில் கணுக்கால் உயரத்துக்குக் குச்சிகள் கிடக்கும். வெட்டுவாய்களிலிருந்து நீர் சொட்டும். பெருக்கி எரிப்பதற்கு முன் முற்றிய தடிகளைத் தேர்ந்து, நான்கு கணு அளவுக்கு நறுக்கி, கட்டாகக் கட்டி ஈரமணலில் புதைத்து வைப்பார்கள். புதிய பந்தல் போட நினைக்கும் அயலவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுப்பார்கள்.