எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சாட் சர்வர்

எங்கள் குடும்பத்து அரட்டை முழுக்க இப்போது எங்கள் வீட்டிலேயே ஓடுகிறது! வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில், புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிதான் சர்வர். அதற்குள் பிராசடி என்ற இலவச மென்பொருள். அம்மா, அக்கா, சித்தப்பா பிள்ளைகள் என எல்லாரும் அதில்தான் பேசிக்கொள்கிறோம். எனக்கு இன்னும் பரவசம் அடங்கவில்லை.

பிராசடிக்கு அடிப்படை எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறை. 1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தது, 2004இல் இணையத் தரநிலையானது. வாட்ஸ்அப்பே ஆரம்பத்தில் இதை மாற்றியமைத்துத்தான் வந்தது. ஆனால் எக்ஸ்எம்பிபியில் இமெயில் மாதிரி நமக்கென்று ஒரு முகவரி. வேறொருவர் நடத்தும் சர்வரில் இருப்பவரோடும் தாராளமாகப் பேசலாம். செல்போன் எண்ணே தேவையில்லை.

சொந்தமாக ஒரு டொமைன், இணைய இணைப்புக்கு நிலையான ஐபி, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ், ரூட்டரில் 5222, 5269 போர்ட்டுகளைத் திறந்துவிடுவது. முன்வேலை இவ்வளவுதான். அப்புறம் அந்த கான்ஃபிக் ஃபைல் இருக்கிறதே, அழகு! லுவாவில் எழுதியது, வாசித்தாலே புரிகிறது. வேண்டாத வசதியின் முன்னால் இரண்டு சிறுகோடு போட்டால் அது அணைந்துவிடும். ‘பிராசடிசிடிஎல் ஆட்யூசர்’ என்று அடித்து அம்மாவின் முகவரியைக் கொடுத்தேன். பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்டது. அம்மாவுக்குக் கணக்கு ரெடி!

அம்மாவின் ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், அக்காவின் ஐபோனில் மோனல். இரண்டிலும் ஓமெமோ என்ற குறியாக்கம் உண்டு. சர்வரில் சேமித்த செய்திகளைத் திறந்து பார்த்தேன். யார் யாருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது தெரிகிறது. செய்தி இருக்க வேண்டிய இடத்தில் தலையும் வாலும் புரியாத எழுத்துக் குவியல். அட்மின் நான்தான், ஆனாலும் அவர்கள் பேசுவதை என்னாலேயே படிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அழைப்பு வசதி இன்னும் அருமை. சர்வர் இரண்டு போன்களையும் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நெட்வொர்க் இடம்கொடுத்தால் குரல் போனிலிருந்து போனுக்கு நேராகவே போகிறது. இடையில் தடை இருந்தால் மட்டும் குரலை வாங்கிக் கடத்திவிட டர்ன் என்ற இன்னொரு சர்வர் வேண்டும். அதையும் அதே ராஸ்பெரி பையில் போட்டுக்கொள்ளலாம்.

ராஸ்பெரி பை இல்லையா? சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் போதும். லினக்ஸ் ஏற்றி, முதலில் வீட்டில் இரண்டு பேருக்குக் கணக்குத் தொடங்கிப் பாருங்கள். பேக்கப் எடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.