கொயோட்டி வேட்டை: பயிற்சி நல்லது, நியாயம்தான் பலவீனம்

அமெரிக்காவில் வேட்டை பழக விரும்பும் ஒருவர் மூத்த வேட்டைக்காரரிடம் யோசனை கேட்டால், "கொயோட்டியில் தொடங்கு" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். மான் வேட்டைக்குப் பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் எல்க் மானைச் சுட அனுமதி வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழவேண்டும். கொயோட்டிக்கு இந்தத் தடைகள் குறைவு. டெக்சாஸில் ஆண்டு முழுவதும் சுடலாம், எண்ணிக்கை வரம்பும் கிடையாது. மான் வேட்டைக்குக் கட்டணம் கேட்கும் நிலக்காரர்கூட, கொயோட்டி என்றால் சும்மாவே உள்ளே விடுவது வழக்கம்.

இந்த யோசனையில் பாதி சரி. வேட்டைத் திறனைக் கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது கடினம். ஆனால் அதோடு சேர்த்துப் புதியவரிடம் சில காரணங்களும் சொல்லப்படுகின்றன: மான் குட்டிகளைக் காப்பாற்றுகிறோம், ஆட்டுப் பண்ணைக்கு உதவுகிறோம், பெருகிவிட்ட விலங்கைக் குறைக்கிறோம். ஆய்வு முடிவுகளோடு வைத்துப் பார்த்தால் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன.

கொயோட்டி குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிட மிகச் சிறியது. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடை இருக்கும். ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளும் மேற்குப் பாலைகளுமே அதன் வீடு. குடியேறியவர்கள் ஓநாய்களை ஒழித்துக் காடுகளைத் திருத்திய பிறகு அது கிழக்கே நகர்ந்தது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடமாடியிருக்கிறது. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் ஸ்டான்லி கெர்ட்டின் ஆய்வுக் குழு 2000ஆம் ஆண்டு முதல் கொயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்கிறது. புதிய வேட்டைக்காரர் எங்கே வசித்தாலும் சிறிது தூரத்தில் ஒரு கொயோட்டி குடும்பம் இருக்கும்.

இருந்தாலும் கண்ணில் படாது. அதைத் தேடிப்போய்ச் சுடுவது அரிது, வரவழைக்கத்தான் வேண்டும். அடிபட்ட முயல் அலறுவதுபோல ஊதலால் ஒலி எழுப்பி, அதைக் கேட்டு இரை தேடி வரும் விலங்கை எதிர்கொள்வதே அடிப்படை முறை. டெக்சாஸின் மார்பிள் ஃபால்ஸைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் இந்த வாயூதல்களைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். அதே மாநிலத்தின் வேக்கோ நகரில் ஜானி ஸ்டூவர்ட் விலங்கு ஒலிகளைப் பதிவுசெய்து இசைத்தட்டுகளாக விற்றார். இப்போது ரிமோட்டால் இயக்கும் மின்னணு ஒலிக்கருவிகள் சந்தையில் குவிந்திருக்கின்றன. மலிவான வாயூதலும் அதே வேலையைச் செய்யும், பழகத்தான் நாளாகும்.

ஊதுவதைவிடக் கடினம் காற்றைச் சமாளிப்பது. கொயோட்டி காதை நம்பும், மூக்கை அதைவிட அதிகம் நம்பும். சத்தம் வந்த இடத்துக்கு நேராக ஓடிவராமல் சுற்றி வளைத்து, காற்று தன் பக்கம் அடிக்கும் இடத்துக்கு வந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். ஆகவே வேட்டைக்காரர் காற்றை முகத்திலோ பக்கவாட்டிலோ வாங்கியபடி உட்காரவேண்டும். காற்று போகும் திசை, பார்வை மறைக்காத வெளியாக இருக்கவேண்டும். வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்துவது, கதவை அடித்துச் சாத்தாமலிருப்பது, வானம் பின்னணியாகத் தெரியும் முகட்டில் நடக்காமலிருப்பது என்று கவனிக்கவேண்டியவை நீளும். 15, 20 நிமிடம் அசையாமல் இருந்தும் எதுவும் வராவிட்டால் வேறிடம் போய் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பெரும்பாலான அமர்வுகள் வெறுங்கையோடுதான் முடியும். காலடித் தடம், எச்சம், அந்தியில் ஊளை எழும் திசை ஆகியவற்றைப் படிக்கப் பழகியவர் பிறகு எந்த வேட்டைக்குப் போனாலும் தேறிவிடுவார். இந்த நடைமுறையின் மறுக்கமுடியாத பலம் இது.

செலவும் கைக்கு அடங்கியதே. புதியவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் .223 ரெமிங்டன் ரகத் துப்பாக்கியில் பின்னுதைப்பு குறைவு, அதனால் சுடும்போது தோள் பயந்து குலுங்குவதில்லை. சுமார் 3.5 கிராம் எடையுள்ள அதன் தோட்டா நொடிக்கு 950 மீட்டருக்கு மேல் பாயும். புதர் மண்டிய இடங்களில் 12 கேஜ் ஷாட்கன் போதும்.

சிக்கல் இருட்டில் தொடங்குகிறது. இரவு வேட்டையை அனுமதிக்கும் மாநிலங்களில் வெப்பத்தைப் படமாக்கும் குறிநோக்கிகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. பல ஆயிரம் டாலர் கொடுத்து அதை வாங்கும் புதியவர், பல மாதம் பழகவேண்டியதைத் தாண்டிப் போய்விடுகிறார். திரையில் தெரிவது சூடான ஓர் உருவம் மட்டுமே. அது கொயோட்டியா, பக்கத்து வீட்டு நாயா, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை உறுதிசெய்ய அனுபவம் வேண்டும்.

அடையாளப் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வட கரோலினா சாட்சி. உலகிலேயே அங்குள்ள ஐந்து கிழக்கு மாவட்டங்களில் மட்டும்தான் செந்நிற ஓநாய்கள் காட்டில் தன்னிச்சையாக வாழ்கின்றன. தொலைவில் பார்த்தால் பெரிய கொயோட்டி போலவே இருக்கும். அவற்றில் பல துப்பாக்கிக்குப் பலியாயின. 2014 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு அந்த ஐந்து மாவட்டங்களில் கொயோட்டி வேட்டையை நிறுத்தி வைத்தது. பகலில், நல்ல வெளிச்சத்தில், அனுபவசாலிகளுக்கே தடுமாற்றம் தரும் வேறுபாடு இது. முதல் ஆண்டு வேட்டைக்காரரிடம் அதை நம்பி விட்டுவிட முடியாது.

இனி நியாயங்களைப் பார்க்கலாம். "ஒன்றைச் சுட்டால் ஒன்று குறையும்" என்ற கணக்கு கொயோட்டியிடம் செல்லுபடியாவதில்லை. டெக்சாஸில் ஆராய்ந்த ஃபிரெடரிக் நோல்ட்டன், அழிப்பு தீவிரமாக நடந்த பகுதிகளில் ஒரு ஈற்றில் பிறக்கும் குட்டிகள் அதிகம் என்று 1972இல் எழுதினார். அந்த விளைவின் அளவு குறித்துப் பின்னால் வாதங்கள் எழுந்தாலும், காலியான எல்லைக்குள் வெளியிலிருந்து இளம் கொயோட்டிகள் வந்து சேர்வதை யாரும் மறுப்பதில்லை. 1975இல் கானொலி, லாங்ஹர்ஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய கணினி மாதிரியின்படி, ஆண்டுதோறும் முக்கால்வாசியைக் கொன்றாலும் இனம் அற்றுப்போக 50 ஆண்டுகளுக்கு மேலாகும். அமெரிக்க வேளாண் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவு ஹெலிகாப்டர், பொறி, நஞ்சு எல்லாவற்றையும் கொண்டு பல ஆண்டுகளில் 60,000க்கும் அதிகமான கொயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. விலங்கின் பரப்பு சுருங்கவில்லை. வார இறுதியில் ஊதலோடு போகும் ஒருவர் அதில் என்ன மாற்றத்தைக் கொண்டுவர முடியும்?

மான் பற்றிய வாதம் இதைவிடக் கொஞ்சம் உறுதியானது. தென் கரோலினாவின் சவன்னா ரிவர் பகுதியில் மான் குட்டிகளின் இறப்புக்குக் கொயோட்டியே முக்கியக் காரணம் என்று ஜான் கில்கோவின் குழு காட்டியது. 2010 முதல் மூன்று ஆண்டு அங்கே கொயோட்டிகளைப் பெருமளவில் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். குட்டிகள் பிழைப்பது ஓர் ஆண்டு நன்றாகக் கூடியது, அடுத்த ஆண்டு பழைய நிலைக்கே இறங்கியது. தொழில்முறைப் பொறிக்காரர்களின் இடைவிடாத உழைப்புக்கே பலன் இப்படி ஏறி இறங்கியது. ஆனாலும் யூட்டா மாநிலம் 2012இல் மான்களைக் காக்க என்று சட்டம் இயற்றி, கொல்லப்படும் கொயோட்டி ஒன்றுக்கு 50 டாலர் வரை கொடுக்கத் தொடங்கியது.

ஆட்டுப் பண்ணையின் கதை இன்னும் சுவாரசியமானது. கலிஃபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆய்வு நிலையத்தில் நடந்த ஆய்வுகளின்படி, செம்மறிக் குட்டிகளை அதிகம் கொல்பவை அந்த எல்லையை ஆளும் வளர்ந்த இணைகள். தங்கள் குட்டிகளுக்கு ஊட்டவே அவை பெரிய இரையைத் தேடுகின்றன. யூட்டாவில் சில இணைகளுக்குக் கருத்தடை செய்தபோது, அவை கொல்லும் ஆடுகள் குறைந்தன. ஆனால் ஊதலுக்கு எளிதில் ஏமாந்து வருபவை இந்த இணைகளல்ல, இலையுதிர் காலத்தில் தாய் தகப்பனைப் பிரிந்து அலையும் அனுபவமற்ற இளசுகள். பண்ணைக்குக் கேடு செய்யும் கொயோட்டி ஊதலைக் கேட்டதும் விலகிப்போகும் அளவுக்குத் தேர்ந்தது. புதியவர் சுட்டு வீழ்த்துவது பெரும்பாலும் ஆட்டைத் தொடாத ஒன்றை.

அதற்காகப் பண்ணைக்காரரின் வலியைத் தள்ளிவிட முடியாது. ஈற்றுக் காலத்தில் நாள்தோறும் குட்டிகளை இழப்பவருக்கு, அந்தக் குறிப்பிட்ட இணையைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த வேட்டைக்காரர் உண்மையில் உதவி. கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்களும் நல்ல வேலியும் அதே காரியத்தைச் செய்யும் என்றாலும், மேட்டு நிலங்களில் பரந்து மேயும் மந்தைக்கு அவை எப்போதும் போதா. எனினும் செம்மறித் தொழிலின் சரிவுக்குக் கொன்றுண்ணிகளை விடத் தீவன விலை, கூலி, குட்டிகளின் சந்தை விலை ஆகியவையே பெரிய காரணம் என்று கிம் பெர்ஜர் 2006இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நோய்த் தடுப்பிலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. 1988இல் தெற்கு டெக்சாஸில் கொயோட்டிகளிடையே வெறிநோய் பரவத் தொடங்கியது. 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரையைத் தூவித்தான் அதை அடக்கினார்கள்.

புதியவரைக் கவர்ந்திழுக்கும் அதே தாராளம் இன்னொரு கேட்டையும் கொண்டுவருகிறது. பருவமே இல்லாத இடத்தில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் சுடலாம். அப்போது குகையில் குட்டிகள் பாலுக்குக் காத்திருக்கும். கோடையில் தோலில் ரோமம் மெலிந்து, விற்கத் தகுதியற்றுப் போகும். இறைச்சியைப் பெரும்பாலும் யாரும் உண்பதில்லை, வேட்டை இறைச்சியை வீணாக்கக் கூடாது என்ற விதி பல மாநிலங்களில் கொயோட்டிக்குப் பொருந்துவதுமில்லை. குளிர்காலத் தோலுக்கும் இப்போது மவுசு குறைவு. கோட்டுத் தலைமறைப்பின் விளிம்புக்குக் கொயோட்டி ரோமத்தைப் பயன்படுத்தி வந்த கனடா கூஸ் நிறுவனம், ரோமத்தைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. சுட்டதை அப்படியே கிடக்க விட்டுப் போவது இதனால் இன்னும் எளிதாகிவிட்டது. அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும் அனுமதித்து, குட்டி வளர்க்கும் மாதங்களை மூடிவைக்கும் நியூயார்க் முறை இந்தக் குறையைப் பெருமளவு நீக்குகிறது.

யார் அதிகம் கொல்கிறார்கள் என்று பரிசு வைக்கும் போட்டிகள் இந்தத் தாராளத்தின் உச்சம். 2014இல் கலிஃபோர்னியா அதற்குத் தடை விதித்தது. 2018இல் வெர்மாண்ட், 2019இல் நியூ மெக்சிகோ, அரிசோனா, மாசசூசெட்ஸ் ஆகியவை தொடர்ந்தன. அரிசோனாவில் தடை விதித்தது அந்த மாநிலத்தின் வேட்டை, மீன்வள ஆணையமே. பொதுமக்கள் மத்தியில் வேட்டையின் நற்பெயர் கெடுவதை வேட்டை நிர்வாகிகளே உணர்ந்தார்கள் என்பதற்கு இது அடையாளம்.

ஆகவே கொயோட்டியில் தொடங்குவதைத் தவறென்று ஒதுக்கத் தேவையில்லை, தொடங்கும் விதத்தை மாற்றலாம். முதல் ஆண்டு பகல் வெளிச்சம், வாயூதல், அனுபவசாலி ஒருவரின் துணை. ரோமம் முற்றியிருக்கும் குளிர்மாதங்கள் மட்டும். சுட்டதை உரித்துப் பதப்படுத்தும் பொறுப்பு. ஆட்டைக் காப்பதே நோக்கமென்றால், இழப்பு நேர்ந்த பண்ணையோடு பேசி அங்கேயே நிற்பது. இவற்றைப் பரப்பப் புதிய அமைப்பு தேவையில்லை. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. துப்பாக்கிப் பாதுகாப்போடு கொயோட்டி குடும்பம் எப்படி இயங்குகிறது, எந்த மாதத்தில் எது குட்டி வளர்க்கிறது, ஓநாயிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கும் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், முதல் முறை ஊதலை வாயில் வைப்பவர் மானைக் காக்கப் போவதாகத் தன்னிடம் சொல்லிக்கொள்ள நேராது.