இசைத்தட்டும் வானொலியும்: ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

வானொலியும் இசைத்தட்டும் தொடக்கத்தில் பகைத் தொழில்களாகவே விளங்கின. வானொலி வீட்டுக்கே பாட்டைக் கொணர்ந்ததும் தட்டு விற்பனை சரிந்தது. அமெரிக்காவின் விக்டர் கம்பனி 1925இல் தனது கிறாமபோன் பெட்டிக்குள் ஆர்.சி.ஏ. வானொலியைப் பொருத்தி விற்க உடன்பட்டது, 1929இல் ஆர்.சி.ஏ. விக்டரையே விலைக்கு வாங்கிற்று. அதே ஆண்டில் பிரித்தானியக் கிறாமபோன் கம்பனி மார்க்கோனிபோன் வானொலி நிறுவனத்தைத் தனதாக்கி, 1931இல் கொலம்பியாவுடன் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயிற்று. இவ்விணைவுகளைக் கலை வளர்ச்சியின் வரலாறாகக் கூறுவோர் உளர். சந்தை நெருக்கடியின் விளைவாகவே நாம் இவற்றைக் காண்கிறோம்.

இலங்கையில் வானொலி பிறந்ததே தட்டின் துணையோடுதான். 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்பில் ஒலித்தது கிறாமபோன் இசையே. 1950இல் ஆரம்பமான வர்த்தக சேவையும் தட்டையே பெரிதும் நம்பியிருந்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தமிழக நேயரும் கொழும்பை நாடினர்.

பண்டாரவளை, பதுளைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் இந்த ஒலியுலகில் பெற்ற இடம் யாது? மின்சாரமற்ற லயக் காம்பராவுக்கு வால்வு வானொலி எட்டாப் பொருள். திரான்சிஸ்டர் பரவிய பின்னரே பாட்டு அங்கு வந்து சேர்ந்தது. வந்ததும் பெரும்பாலும் சென்னையின் திரைப்பாட்டே. மலையின் தெம்மாங்கும் ஒப்பாரியும் காமன்கூத்தின் தப்போசையும் தட்டுச் சந்தையின் கணக்கில் இடம்பெறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், ஒலிபரப்பிலும் கேட்பவராகவே நிறுத்தப்பட்டனர்.

ஆயினும் அவர்கள் வாய்மூடி இருந்தாரல்லர். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை மேடைகளில் பாடினார். 1940இல் தம் பாடல்களை நூலாக்கினார். சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. இந்நூல்களின் பெறுமதி மறுக்கற்பாலதன்று. எனினும் அச்சு சொல்லைக் காத்ததேயன்றி மெட்டையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் காக்கவில்லை. அதற்கு வல்ல கருவி பிறர் கையில் இருந்தது. மலையகப் பாடலை ஏட்டு வரிகளால் மட்டும் மதிப்பிடும் நமது திறனாய்வு இக்குறையைக் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இன்று ஒலிப்பதிவுக் கருவி தொழிலாளியின் சட்டைப் பையிலேயே உண்டு. முதிய பெண்களின் பாடல்களை மெட்டோடும், பாடியவர் சம்மதத்தோடும் பதிந்து வைப்பது பல்கலைக்கழகத் தமிழாய்வின் உடனடிக் கடமை. அப்பதிவுகள் பாடிய சமூகத்தின் உடைமையாகவே இருத்தல் வேண்டும். மற்றொரு கம்பனியின் சரக்காகிவிடலாகாது.